மரச்சீனி விளையும் மண்ணில்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே செல்லும் பேருந்து பணகுடியையும் காவல்கிணற்றையும் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும்போது காற்றின் குணமே மாறிவிடுகிறது. அதுவரை உடைமரமும் பனையும் பொட்டலுமாக வந்த வழி, கணவாயைத் தாண்டியதும் வயலும் குளமும் தென்னந்தோப்புமாக விரிகின்றது. தோவாளையும் அகத்தீசுவரமும் சேர்ந்த இந்தக் கிழக்குப் பகுதியே நாஞ்சில் நாடு. நெல்லுக்குப் பெயர் பெற்ற பூமி. நாகர்கோவிலுக்கு மேற்கே தக்கலைச் சாலையில் செல்லச் செல்ல நிலம் மேடும் பள்ளமுமாக அலையடிக்கத் தொடங்குகிறது. வயல்கள் பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்ள, செம்மண் மேடுகளெல்லாம் 'விளை' என்னும் தோட்ட நிலங்களாகின்றன. குமரி மாவட்டத்தின் பல ஊர்ப் பெயர்கள் 'விளை' என்று முடிவதைக் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் அந்த மண்ணில் கால் வைத்தபோதுதான் விளங்கிற்று.

நண்பர் ஒருவரின் சகோதரி மகள் நிக்காஹ்வுக்காகத் தக்கலைக்குப் போயிருந்தேன். கடையநல்லூர்க்காரனாகிய எனக்கு அது அந்நிய ஊரன்று. மெய்ஞ்ஞானி பீர் முஹம்மது அப்பா அவர்கள் எங்கள் தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ரஜப் மாதம் 14-ஆம் இரவு அங்கே அவர்களின் ஞானப்புகழ்ச்சி விடிய விடியப் பாடப்பெறுகிறது. சிறு வயதில் பாட்டனாரின் கைபிடித்து அந்த இரவுக்கு ஒருமுறை வந்த நினைவு மங்கலாக உண்டு. அன்று பார்த்ததில் இன்றும் மனத்தில் நிற்பது, வழியோரக் கடையில் ஆவி பறக்க வைத்திருந்த ஒரு வெண்கிழங்கைக் கண்டதும் பாட்டனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்ததுதான்.

அந்தக் கிழங்குதான் மரச்சீனி. நம் பக்கத்தில் மரவள்ளி என்றும், வட மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு என்றும், மலையாளத்தில் கப்பை என்றும், மலாய் நாட்டில் உபி காயு என்றும் வழங்குவர். பாட்டனார் அறிந்திருந்தது கடைசிப் பெயரை. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார்ப் பகுதியில் பிழைத்து வந்த எங்களூர்க்காரர் பலருள் அவர்களும் ஒருவர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அரிசி வரத்து நின்றது. வாழைமரப் படம் போட்ட ஜப்பானியப் பணம் மூட்டை மூட்டையாக இருந்தும் வாங்குவதற்குப் பொருளில்லை. மூன்றரை ஆண்டுகள் உபி காயுவைத் தின்று உயிர் பிழைத்தோம் என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். போர் முடிந்து கப்பலேறி வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குள் அக்கிழங்கை நுழையவே விடவில்லை. அவர்கள் மௌத்தாகி எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னரும் அந்த விலக்கு வீட்டில் நீடித்தது. எழுதுவதற்கு வெட்கமாயிருக்கிறது, ஐம்பது வயதைத் தாண்டியும் நான் மரவள்ளிக்கிழங்கைச் சுவைத்ததில்லை.

நிக்காஹ் முடிந்த மறுநாள் மாலை. நெய்ச்சோறும் இறைச்சியும் உண்டு அலுத்த வீட்டில் அடுக்களைப் பக்கமிருந்து வேறொரு மணம் வந்தது. நண்பரின் பேரப்பிள்ளை ஒன்று, "எனக்குக் கிழங்கு" என்று ஓடிவர, நண்பரின் உம்மா அதன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான் சிரித்துக்கொண்டே, "உம்மா, எனக்கும் அதைத் தரலாமே" என்றேன். அவர்களுக்கு முகம் சிவந்துவிட்டது. "வந்த விருந்தாளிக்கு மரச்சீனியா வாப்பா வைக்கது? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாவ!" என்றார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் வீட்டாரிடம் தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என வினவியதும், காடியைத் தவிர வேறில்லை என்று அவர்கள் சொன்னதும், அதையே கொண்டுவரச் செய்து, காடி எத்துணை நல்ல குழம்பு என்று புகழ்ந்து உண்டதும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. முஸ்லிம் நூலில் பதிவானது. அதை நினைவுபடுத்தினேன். உம்மா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்படியானா நாளைக்குப் புதுக் கிழங்கு பிடுங்கி வைக்கேன். இது நேத்து பிடுங்கினது" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு நாள் பழையதைத் தரவும் அவர்களுக்கு மனமில்லை. அதற்குக் காரணம் இருந்தது என்பதை மறுநாள் அறிந்தேன்.

சுபுஹுத் தொழுகைக்குப் பின் நண்பரின் வாப்பா என்னை விளைக்கு அழைத்துச் சென்றார்கள். எண்பதைக் கடந்த வயது. ஆனாலும் சரிவில் எனக்கு முன்னால் நடந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மெல்லிய தண்டுகள், உச்சியில் விரல்களை விரித்த கை போன்ற இலைகள், இலை உதிர்ந்த இடமெல்லாம் தழும்புக் கணுக்கள். ஒவ்வொரு செடியையும் ஒரு 'மூடு' என்றார்கள். விதை போடுவதில்லை, முற்றிய தண்டை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி, கூட்டிவைத்த மண்ணில் மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றிவிட வேண்டும். கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கவேண்டும் என்பது ஒன்றே கட்டளை. தலைகீழாய் ஊன்றினால் முளைக்காதா என்று கேட்டேன். "முளைக்கும், ஆனா நம்மள ஏசிக்கிட்டே முளைக்கும்" என்றார்கள். முளைத்தவற்றுள் இரண்டு தளிரை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிடுகிறார்கள். முதல் மூன்று மாதம் இடையிலே பயறோ நிலக்கடலையோ விதைத்துக்கொள்ளலாம். அதன்பின் செடியின் நிழல் நிலத்தை மூடிவிடும்.

சித்திரை வைகாசியில் கோடை மழைக்கு நட்டால் மாசி வாக்கில் கிழங்கு கிடைக்கும். வேர் பிடித்துவிட்டால் பின்னர் மழை பொய்த்தாலும் அது சாவதில்லை. வறட்சி நெருங்கும்போது மரச்சீனி முதலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அதுவும் போதாதபோது இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் கம்பாக நிற்கிறது. வேரில் சேமித்த மாவு உயிரைக் காக்கிறது. ஒரு மழை விழுந்தால் மறுபடியும் தளிர்க்கிறது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் ஏமாற்றியபோது இந்த விளையில் வாழை கருகிற்று. மரச்சீனி மட்டும் மொட்டைக் கம்பாய் நின்று பிழைத்தது என்று காட்டினார்கள்.

அது செடிக்குள்ள குணம். அதை நட்டவனுக்கு அனுகூலமான குணம் இன்னொன்று உண்டு. நெல் முற்றினால் அறுத்தே ஆகவேண்டும். மரச்சீனியோ பத்து மாதத்தில் பறிக்காவிட்டால் இன்னும் சில மாதங்கள் மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். நார் ஏறுமேயன்றி அழிந்துபோகாது. பத்தாயம் கட்ட வசதியற்ற ஏழைக்கு அல்லாஹ் பூமியையே பத்தாயமாக்கித் தந்திருக்கிறான். ஆனால் பிடுங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் தாங்காது. உள்ளே நீலமும் கருப்புமாகக் கோடுகள் ஓடிச் சுவை கெட்டுவிடும். முந்தைய நாள் கிழங்கை உம்மா மறைத்ததன் காரணம் இதுவே.

ஒரு மூட்டை இரு கையாலும் அசைத்து, வாப்பா அவர்கள் 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லி இழுத்தார்கள். மண் வெடித்து ஏழு கிழங்குகள் கொத்தாக வெளிவந்தன. அவற்றில் ஒன்றைப் பெருச்சாளி குடைந்திருந்தது. நான் வருந்தினேன். அவர்களோ சிரித்தார்கள். நட்ட மரத்திலும் விதைத்த பயிரிலும் மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவனுக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியைச் சொல்லி, "கேட்காம வாங்குத தர்மக்காரன் இவன்" என்று அந்த வளையைக் காலால் மூடிவிட்டு நடந்தார்கள்.

இக்கிழங்கு நம் நாட்டில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவில் பிறந்தது. போர்ச்சுகீசியர் மூலம் மேற்குக் கரைக்கு வந்ததாகச் சொல்வர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா மகாராஜா இதை ஏழைகளின் உணவாக்கப் பெரிதும் முயன்றவர். நஞ்சுக்கிழங்கு என்று மக்கள் அஞ்சியதால், தாமே உண்டு காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்களில் ஒன்று 'ஸ்ரீ விசாகம்' என்றே பெயர் பெற்றிருக்கிறது. இந்தக் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்தவையாதலால், அந்த மன்னரின் கிழங்கு இங்கே ஊன்றியதில் வியப்பில்லை.

அதன் உண்மையான சோதனை 1942-இல் வந்தது. திருவிதாங்கூர் தன் அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்த சமஸ்தானம். அவ்வாண்டு மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. "எங்க உம்மா மூணு வருஷம் சோத்துப் பானையே அடுப்பில் ஏத்தலை. கிழங்குதான். எனக்கு முந்திப் பிறந்ததில் ரெண்டு பிள்ளை தங்கலை, நான் இந்தக் கிழங்கால தங்கினவன்" என்றார்கள் வாப்பா. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் நடை தடுமாறியது. அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் என் பாட்டனாரும் இதே கிழங்கைத்தான் உண்டிருக்கிறார்கள். ஒருவர் அதை நன்றியோடு நட்டுக்கொண்டே வந்தார். மற்றவர் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அஞ்சினார். இருவரில் யாரையும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பசி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகத் தங்கிவிடுகிறது.

வீடு திரும்பியதும் அடுக்களை வாசலில் அமர்ந்து உம்மாவின் கைவேலையைப் பார்த்தேன். மேலே காகிதம் போன்ற பழுப்புத் தோல். அதன் கீழே தடித்த வெள்ளைப் பட்டை. இரண்டையும் கத்தியால் கீறி ஒருசேர உரித்து, ஆடு வாய் வைக்காத இடத்தில் குழியில் போட்டார்கள். கிழங்கைத் துண்டாக்கி, நடுநரம்பை நீக்கி, கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்தார்கள். கொதித்ததும் அந்நீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டு, வேறு நீர் ஊற்றி மீண்டும் ஏற்றினார்கள். "முதல் தண்ணி கிழங்குக்கு இல்லை, மண்ணுக்கு" என்பது அவர்களின் மாமியார் சொல்லிக்கொடுத்த பாடமாம்.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்தத் தாயின் பாடத்துக்குப் பின்னே இரசாயனம் இருக்கிறது. மரச்சீனியில் லினமாரின் என்றொரு பொருள் உள்ளது. கிழங்கை வெட்டவோ நசுக்கவோ செய்யும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு பிறக்கிறது. உணவுக்கு நடும் இனிப்பு இரகங்களில் இது குறைவு; கசப்பு இரகங்களில் மிகுதி. சதையைவிடத் தோலில் கூடுதல். வறட்சியில் விளைந்த கிழங்கில் இன்னும் கூடுதல். உரித்து, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் இனிப்பு இரகத்தில் நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். கசப்பான கிழங்கை ஊறவைத்து உலர்த்தியல்லாமல் தொடலாகாது. சுவைத்துப் பார்க்கையில் கசந்தால் துப்பிவிட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் இங்கே சொல்லிவைத்திருக்கிறார்கள். பச்சையாகத் தின்னும் வழக்கம் அறவே கூடாது.

இந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க இயலாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு மொசாம்பிக் நாடு சாட்சி. 1981-ஆம் ஆண்டு அந்நாட்டின் வடபகுதியான நம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி. வேறு உணவில்லாத மக்கள் கசப்புக் கிழங்கைப் போதிய அளவு ஊறவைக்கவும் உலர்த்தவும் பொறுமையின்றி, பசியின் அவசரத்தில் உண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால் விறைத்து நடக்க முடியாதவர்களானார்கள். 'கொன்சோ' என்னும் அந்த முடக்கம் ஒருமுறை வந்தால் தீர்வதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று. உடலுக்குள் சேரும் சிறிதளவு சயனைடை நம் உடலே மாற்றி வெளியேற்றிவிடும். அதற்குக் கந்தகம் கலந்த புரதம் வேண்டும். மரச்சீனியிலோ புரதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். மீன், முட்டை, பருப்பு முதலியவற்றிலிருந்தே அது கிடைக்கவேண்டும். நம்புலாவில் கிழங்கு மட்டும் இருந்தது. கூட உண்ண ஒன்றுமில்லை. இந்தக் கரையிலோ கிழங்கென்றால் மீன் என்பது பிரிக்க முடியாத சம்பந்தம். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் பிடிபடும் சாளையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விளைப்பக்கம் விற்று, திரும்பும்போது கிழங்கு வாங்கிப்போன காலத்தை வாப்பா அவர்கள் வருணித்தார்கள். கடற்கரைக்காரருக்கு மாவு கிடைத்தது. மேட்டு நிலத்தாருக்குப் புரதம் கிடைத்தது. புத்தகம் பார்த்துச் செய்த ஏற்பாடில்லை அது.

வெந்த கிழங்கில் தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள் அரைத்துப் போட்டு உம்மா அகப்பையால் மசித்தார்கள். மற்றொரு சட்டியில் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு. வாழையிலைத் துண்டில் வைத்து, "இனி குறை சொன்னா நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லி நகர்ந்து நின்றுகொண்டார்கள். முதல் கவளத்தை எடுத்தபோது என் கை சிறிது தயங்கியதை மறைக்கமாட்டேன். கடைத்தெருவில் முகம் திருப்பிய பாட்டனாரின் முகம் முன்னே வந்தது. உண்டேன். வெண்ணெய் போல் கரைந்தது; மீனின் புளிப்பும் காரமும் அதை ஏந்திக்கொண்டன. அல்ஹம்துலில்லாஹ். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். உம்மாவின் முகத்தில் முதல் நாள் கண்ட வெட்கம் இப்போது இல்லை.

பிற்பகலில் நண்பர் தேங்காப்பட்டணம் வரை அழைத்துச் சென்றார். குழித்துறைத் தாமிரவருணி கடலில் கலக்கும் ஊர்; சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் பிறந்த ஊர். வழியெங்கும் நான் மரச்சீனியைத் தேடிக்கொண்டே போனேன். தக்கலைக்கு வடக்கே, மலையடிவாரம் வரை, முன்பு கிழங்கு விளைந்த மேடுகளில் பல இப்போது இரப்பர் தோட்டங்கள் என்றார் நண்பர். இரப்பர் பணம் தரும். பத்து மாதத்துக்கு ஒருமுறை ஆள் பிடித்துக் கொத்தவேண்டிய தொல்லையும் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அம்மரங்களை வேரோடு சாய்த்தபோது சிலர் அந்த இடத்தில் மறுபடியும் கிழங்கு நட்டார்களாம். பெரும்பாலோர் இரப்பரையே மீண்டும் நட்டார்கள். வருமானக் கணக்குப் பார்க்கிறவரிடம் நாம் என்ன வாதிடுவது? நட்டவன் சாப்பிட முடியாத மரம் அது என்று மட்டும் எனக்குத் தோன்றிற்று.

நம் மாநிலத்தில் மரவள்ளி பெருமளவில் விளைவது இன்று சேலம், நாமக்கல் பக்கத்தில்தான். அங்கே அது பெரும்பாலும் தட்டுக்கு நேரே வருவதில்லை. ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகவும் மாவாகவும் மாறுகிறது. அதுவும் அதே போர்க்காலத்தின் பிள்ளை. மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதால், 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினர். நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் ஜவ்வரிசிப் பாயசம் இந்தக் கிழங்கின் மறுவடிவமே. என் பாட்டனார் அப்பாயசத்தை விரும்பி அருந்துவார்கள். அது எதிலிருந்து வந்தது என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

சேலத்துக்காரருக்கும் நிம்மதியில்லை. 2020-இல் கேரளத்தில் முதலில் காணப்பட்டுப் பின் தமிழகத்துக்கும் பரவிய ஒருவகை மாவுப்பூச்சி, குருத்தைச் சுருட்டி விளைச்சலைக் கெடுத்தது. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய கடுகளவான குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-இல் நம் வயல்களில் விட்டிருக்கிறார்கள். ஒரு சிற்றுயிரை இன்னொரு சிற்றுயிரால் அடக்கும் அந்த ஏற்பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

புறப்படும்போது வாப்பா அவர்கள் முற்றிய கம்புகள் ஆறை நாரால் கட்டிக் கொடுத்தார்கள். நிழலில் நிமிர்த்தி வை, படுக்கப்போடாதே, மழை விழுந்ததும் நறுக்கி ஊன்று என்று மூன்று முறை சொன்னார்கள். பேருந்தில் நடத்துநர் அதைப் பார்த்து, "விறகுக்கு டிக்கெட் எடுக்கணும்" என்று வேடிக்கை செய்தார். வயதான பெண்மணி ஒருவர், "விறகில்லை, மரச்சீனிக் கம்பு" என்று எனக்காக வழக்காடினார்.

கடையநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்புறம், கிணற்றடிக்கு எதிர்மூலையில், அதுவரை ஒன்றும் வைக்காமல் கிடந்த காய்ந்த மேட்டில் அவற்றை ஊன்றினேன். பன்னிரண்டு துண்டுகளில் பத்து தளிர்த்தன. பாட்டனாரின் மக்களுள் இன்று எஞ்சியிருப்பவர் என் மாமி ஒருவர்தான், கண் மங்கிவிட்டது. ஒரு நாள் அஸருக்குப் பின் கைத்தடியோடு அங்கே வந்தவர், விரல் விரித்த அந்த இலையைத் தடவித் தடவிப் பார்த்தார். இது என்ன செடி என்றார். சொன்னேன். நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வாப்பா உபி காயுன்னு சொல்லுவாங்களே, அதுவா?" என்று கேட்டுவிட்டு, "எப்போ பிடுங்கணும்?" என்றார். மாசியில் என்றேன்.